26-ஆம் நாளை 26-ஆம் நாளோடு: மாதவிடாய்ச் சுழற்சியையும் எடையையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு செயலி

மாதவிடாய்த் தேதி, அன்றாட எடை, பசியின் அளவு ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் பதிந்து வைக்கும் ஒரு கைபேசிச் செயலியையும், அதனோடு சேர்த்து விற்கப்படும் மின்னணு எடைக் கருவியையும் கடந்த 8 சுழற்சிகளாகப் பயன்படுத்தி வருகிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. என்ன பெயரில் இருந்தாலும் இத்தகைய ஒரு சேவையிடம் எதைக் கேட்டுப் பெற வேண்டும், எதை நம்பாமல் விட வேண்டும் என்பதே எழுதுவதற்கு உரியது என்று தோன்றுகிறது.

இதை வாங்கியதற்குக் காரணம், மாதந்தோறும் தவறாமல் வரும் ஒரு காலைப்பொழுது. மூன்று வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காக நடந்து, எடை மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்போது, மாதவிடாய்க்கு நாலைந்து நாள் இருக்கையில் கருவியில் ஏறி நின்றால் ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருக்கும். மோதிரம் விரலில் இறுகும், மார்பு கனக்கும், காலுறை பதிந்த தடம் கழற்றி வெகு நேரமாகியும் மறையாது. போதாக்குறைக்கு, அதே நாட்களில்தான் சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆவதற்குள் மறுபடியும் பசிக்கும். எடையும் பசியும் ஒன்றாக ஏறுவதால், பசித்துச் சாப்பிட்டதுதான் எடையாக வந்து நிற்கிறது என்று மனம் உடனே முடிச்சுப் போட்டுவிடுகிறது. அந்த முடிச்சை அவிழ்க்க இந்தச் செயலி எங்கே உதவியது, எங்கே அதுவே முடிச்சை இன்னும் இறுக்கியது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். செயலியைத் திறந்ததும் வரும் வழக்கமான வரைபடம் பயனற்றது. நேற்றைய எடைக்குப் பக்கத்தில் இன்றைய எடையை வைத்து, ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்கும் ஒரு கோட்டைக் காட்டுகிறது. ஆனால் அமைப்புகளுக்குள் இரண்டு தட்டு தள்ளி, 'சுழற்சி ஒப்பீடு' என்றொரு திரை ஒளிந்திருக்கிறது. நான் அதைக் கண்டுபிடிக்கவே ஆறு வாரம் ஆயிற்று. மாதவிடாயின் முதல் நாளை 1 என்று கொண்டு, ஒவ்வொரு சுழற்சியையும் தனிக் கோடாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அது அடுக்கிக் காட்டுகிறது. 26-ஆம் நாளின் எடைக்கு நேர் கீழே முந்தைய சுழற்சியின் 26-ஆம் நாள் எடை நிற்கும். வாங்கிய பணத்துக்கு இந்த ஒரு திரை போதும் என்பேன்.

என்னுடைய எண்களையே சொல்கிறேன். முதல் சுழற்சியில் 22-ஆம் நாள் 63.6 கிலோ, 26-ஆம் நாள் 64.8. அடுத்த மாதவிடாயின் முதல் நாள் 64.9, ஐந்தாம் நாள் 63.5. நான்கே நாளில் 1.2 கிலோ ஏறி, அதற்குப் பின் ஒரு வாரத்துக்குள் தானாகவே இறங்கியும் விட்டது. ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். அந்த 1.2 கிலோவும் கொழுப்பாக இருந்திருக்குமானால், நாலு நாளில் என் தேவைக்கு மேல் 9,240 கலோரி, அதாவது நாளொன்றுக்கு 2,310 கலோரி கூடுதலாக நான் சாப்பிட்டிருக்க வேண்டும். வழக்கமான மூன்று வேளையையும் சாப்பிட்டு, அதற்கு மேல் இன்னொரு ஆளின் மூன்று வேளையையும் சேர்த்துச் சாப்பிட்டால்தான் அது நடக்கும். அந்த நாட்களில் நான் அதிகம் சாப்பிட்டது உண்மைதான். ஆனால் அந்த அளவுக்கு இல்லை என்பது பதிவிலேயே இருந்தது. இதற்கிடையே ஒப்பீட்டுத் திரையில் 26-ஆம் நாட்களை மட்டும் வரிசையாகப் பார்த்தால் 64.8, 64.5, 64.1 என்று இறங்கிக்கொண்டிருந்தது. 22-ஆம் நாளையும் 26-ஆம் நாளையும் பக்கத்தில் வைத்தால் தோல்வியாகத் தெரிந்த அதே மூன்று மாதம், 26-ஐ 26-உடன் வைத்தபோது வேறு கதை சொன்னது.

இந்த ஏற்றம் பெரும்பாலும் நீர் என்பதைச் செயலியின் விளக்கப் பகுதியும் ஒருவாறு சொல்கிறது. ஆனால் இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறது. கருமுட்டை வெளியேறிய பின், அது இருந்த இடத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம் என்ற திசு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. சிறுநீரகம் எவ்வளவு உப்பையும் நீரையும் பிடித்து வைக்க வேண்டும் என்பதில் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்குப் பெரும் பங்கு உண்டு; சுழற்சியின் இந்தப் பின்பாதியில் அதன் அளவு கூடுகிறது. உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது என்று நாம் சொல்வதன் ஒரு பகுதி இது. புரோஜெஸ்டிரோன் குடலின் தசைகளையும் தளர்த்திவிடுவதால் மலம் தங்கி, வயிறு உப்புகிறது. மாதவிடாய் தொடங்கியதும் கருப்பையில் சுரக்கும் புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருட்கள் குடலையும் தூண்டுவதால் அந்தத் தேக்கம் கலைகிறது, சிலருக்கு வயிற்றுப்போக்காகவே ஆகிறது. கூடுதலாகச் சாப்பிட்ட மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும்போது, ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறத்தாழ மூன்று கிராம் நீரையும் வைத்துக்கொள்கிறது. எல்லாம் சேர்ந்தே கருவியின் எண்ணை உயர்த்துகின்றன. 2023-ல் வெளியான ஓர் ஆய்வில் 42 பெண்களின் எடையைச் சுழற்சி நெடுகப் பார்த்தபோது, மாதவிடாய் நாட்களில் சராசரியாக அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கூடியிருந்ததும், அது பெரும்பாலும் செல்களுக்கு வெளியே தேங்கும் நீர் என்பதும் தெரிந்தன. அது சராசரி. எனக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஏறுகிறது; என் அக்காவுக்கு ஒன்றுமே ஏறுவதில்லை, அவளுக்கு இந்தக் கட்டுரை முழுவதும் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

இங்கே செயலி செய்யும் ஒரு சிறிய பிழையையும் சொல்லியாக வேண்டும். மாதவிடாய் தொடங்கியதாகக் குறித்த அன்றே, 'இன்று முதல் உடம்பு லேசாகும்' என்று ஓர் அறிவிப்பு வருகிறது. 62 பெண்களை ஓராண்டுக் காலம் தொடர்ந்து, 765 சுழற்சிகளைப் பதிந்து 2011-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், உடல் வீங்கியது போன்ற உணர்வு உச்சத்தைத் தொட்டது மாதவிடாயின் முதல் நாளில்தான். அதன் பிறகுதான் இறங்கியது. என் எண்களும் அதையே சொல்கின்றன. முதல் நாளே லேசாகிவிடும் என்று நம்பிக் கருவியில் ஏறி, எட்டு முறையும் ஏமாந்தேன்.

இனி, முடிச்சை இறுக்கிய பகுதிக்கு வருகிறேன். செயலியின் தானியங்கிக் கலோரி இலக்குதான் அது.

கடைசி ஏழு நாள் எடையின் சராசரியை எடுத்து, அது முந்தைய வாரத்தைவிடக் கூடியிருந்தால் அடுத்த நாட்களின் இலக்கைக் குறைப்பதும், குறைந்திருந்தால் அப்படியே விடுவதுமாக அது இயங்குகிறது. சுழற்சி என்ற ஒன்றே இல்லாத ஓர் உடம்புக்கு இந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். மாதவிடாய்த் தேதியைக் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஒரு செயலி, கலோரிக் கணக்கின்போது மட்டும் அந்தத் தேதியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பதை முதலில் என்னால் நம்ப முடியவில்லை. இரண்டாம் சுழற்சியில் 25-ஆம் நாள் மாலை 4 மணிக்கு அறிவிப்பு வந்தது: 'உங்கள் எடை கூடியுள்ளது. இன்று முதல் உங்கள் இலக்கு 150 கலோரி குறைக்கப்பட்டுள்ளது.' அன்று மதியம் செயலி கேட்ட பசி அளவுக்கு, பத்துக்கு எட்டு என்று நான்தான் குறித்திருந்தேன். அந்த எட்டும், இந்த 150-உம் ஒரே திரையில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போல அருகருகே இருந்தன. இரவுச் சாப்பாட்டை இலக்குக்குள் அடக்கிப் படுத்து, பத்தரை மணிக்கு எழுந்து போய் சமையலறை விளக்கைக்கூடப் போடாமல், கைக்குக் கிடைத்த இனிப்பை நின்றுகொண்டே தின்றேன். அதைப் பதிவும் செய்யவில்லை. பதியாமல் விட்டதால் அன்றைய வட்டம் பச்சையாக நிறைந்து, செயலி மறுநாள் என்னைப் பாராட்டியது.

பசி கூடுவது மனக்கட்டுப்பாட்டின் குறை என்று எண்ணிக்கொண்டிருந்த காலம் எனக்கும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பசியைச் சற்று அடக்கி வைக்கக்கூடியது; அது உச்சத்தில் இருக்கும் கருமுட்டை வெளியேறும் நாட்களை ஒட்டி, பெண்கள் பொதுவாக மிகக் குறைவாகச் சாப்பிடுகிறார்கள். பின்பாதியில் புரோஜெஸ்டிரோன் ஓங்கும்போது அந்த அடக்கம் தளர்கிறது. ஆய்வுக்கு ஆய்வு எண் மாறினாலும், முன்பாதியைவிடப் பின்பாதியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 முதல் 300 கலோரி வரை கூடுதலாக உண்பது பலமுறை பதிவாகியிருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலும் அப்போது சிறிது உயர்கிறது; ஆனால் உயர்வு சிறியது, சிலரிடம் கண்டுபிடிக்கவே முடியாத அளவு. ஆகவே 'அந்த நாட்களில் எவ்வளவு சாப்பிட்டாலும் எரிந்துவிடும்' என்ற பேச்சிலும் சாரமில்லை. தூக்கத்தையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பலருக்குத் தூக்கம் கெடுகிறது. தூக்கம் குறைந்த மறுநாள் பசி கூடுவது தனியாகவே அறியப்பட்ட ஒன்று. செயலி தூக்கத்தையும் பதிகிறது, ஆனால் அதையும் தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறது.

தானியங்கி இலக்கின் மறுமுனையும் இதே போலத்தான். மாதவிடாயின் நாலாம் ஐந்தாம் நாளில் கோத்திருந்த நீர் வடிந்து எடை சரசரவென்று இறங்கும்போது, 'அருமை! உங்கள் உழைப்பு பலித்தது' என்று வண்ணத்தாள் சிதறும் ஓர் அசைவுப்படம் வரும். நான் உழைத்த வாரத்தில் கண்டித்து, வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருந்த வாரத்தில் பாராட்டும் ஒரு மேற்பார்வையாளரிடம் எவ்வளவு நாள் வேலை செய்ய முடியும்?

மூன்றாம் சுழற்சியில் அந்தத் தானியங்கியை அணைத்துவிட்டேன். அணைக்க முடிகிறது என்பதே இந்தச் செயலியின் நல்ல காலம். இலக்கை நாமே எழுதிக்கொள்ளலாம், நாளுக்கு நாள் வேறாகவும் வைக்கலாம். மாதம் முழுவதும் ஒரே எண்ணை வைத்து, மாதவிடாய்க்கு முந்தைய பத்து நாளுக்கு மட்டும் 200 கலோரி கூட்டினேன். அந்த 200-ஐ இரவுக்கு ஒதுக்காமல் காலை உணவிலும் மாலை நான்கு மணிச் சிற்றுண்டியிலும் பிரித்துப் போட்டேன்; புரதமும் நார்ச்சத்தும் உள்ளதாகப் பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் அவை இரண்டும் வயிற்றில் நெடுநேரம் நிற்கும். இனிப்பை அறவே விலக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பின், உட்கார்ந்து, தட்டில் வைத்து, பதிந்துவிட்டுத்தான் தின்றேன். முதல் இரு சுழற்சிகளில் ஐந்து ஆறு இரவுகளாக இருந்த சமையலறை நடமாட்டம், அதற்குப் பின் ஒரு சுழற்சிக்கு ஓரிரவு அல்லது இரண்டு இரவாகக் குறைந்தது. கூட்டியதால் எடை இறங்குவது நிற்கவும் இல்லை. 26-ஆம் நாட்களின் வரிசை முன்பு போலவே நிதானமாக இறங்கியது. இருட்டில் நின்று தின்றவற்றின் கூட்டுத்தொகை 200-ஐவிட மிக அதிகமாக இருந்திருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

பசியைப் பதியும் முறையைப் பற்றித் தனியே ஒரு பாராட்டு உண்டு. சாப்பிடும் முன் 0 முதல் 10 வரை ஓர் எண்ணைக் கேட்டுவிட்டு, அதனடியில் 'வயிறா, நாக்கா?' என்று ஒரு கேள்வி வருகிறது. யார் எழுதிய கேள்வியோ, நன்றாக இருக்கட்டும். பசி என்று நான் குறித்தவற்றுள் பின்பாதியில் பெரும்பாலானவை உண்மையிலேயே வயிற்றுப் பசி என்பதும், நாக்கின் ஆசை கடைசி மூன்று நாளில்தான் தலைதூக்குகிறது என்பதும் இந்தக் கேள்வியால் தெரிந்தது. முன்னதற்குச் சாப்பாடு வேண்டும். பின்னதற்கு ஒரு சிறு துண்டு போதும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தவரை இரண்டுமே அடங்கவில்லை.

எடைக் கருவியைப் பற்றிச் சுருக்கமாக. எடையை 100 கிராம் துல்லியத்தில் காட்டுகிறது, ஒரே நிமிடத்தில் மூன்று முறை ஏறினாலும் ஒரே எண் வருகிறது, கைபேசிக்குத் தானே அனுப்பிவிடுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே கருவி காட்டும் கொழுப்புச் சதவீதத்தையும் தசையின் எடையையும் மட்டும் நம்பாதீர்கள். ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு மிக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உடம்பு காட்டும் தடையை அளந்து, உயரம், வயது, பாலினம் ஆகியவற்றோடு சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டுப் பெறும் மதிப்பீடு அது. நீர் மின்னோட்டத்தை நன்றாகக் கடத்தும், கொழுப்பு கடத்தாது என்பதே அதன் அடிப்படை. ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றில் ஏறி நின்றேன். அரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு உடனே மறுபடி ஏறினேன். எடை சரியாக அரைக் கிலோ கூடியது, கொழுப்பும் 0.4 சதவீதம் கூடியதாகக் காட்டியது. இரைப்பையில் இருக்கும் தண்ணீர் கால்வழியே போகும் மின்னோட்டத்துக்குத் தெரியாது, சூத்திரத்துக்கோ எடை கூடியது மட்டும் தெரியும். திசுக்களில் நீர் கோத்திருக்கும் நாட்களில் இதற்கு நேர்மாறு: தடை குறைந்துவிடுவதால் கொழுப்பு குறைந்து தசை வளர்ந்துவிட்டதாகக் கருவி எண்ணிக்கொள்கிறது. எழுந்து நடக்கவே சோம்பிய ஒரு முதல் நாளில் எனக்கு 700 கிராம் தசை கூடியதாக வாழ்த்து வந்தது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இத்தகைய மின்னோட்டக் கருவியில் ஏறவே கூடாது என்ற எச்சரிக்கை கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அது முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஒப்பீட்டுத் திரையைப் புகழ்ந்தேன். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு என்பதை ஆறாவது சுழற்சியில் அறிந்தேன். காய்ச்சலில் படுத்து எழுந்த அந்த மாதம், வழக்கமாக 28 முதல் 30 நாளில் வரும் மாதவிடாய் 36-ஆம் நாள்தான் வந்தது. முந்தைய சுழற்சிகளின் சராசரியை வைத்துத்தான் செயலி நாள் குறிக்கிறது என்பதால், 14-ஆம் நாளிலேயே கருமுட்டை வெளியேறிவிட்டதாகத் தீர்மானித்துக்கொண்டு, பசி கூடும் நாட்கள், நீர் கோக்கும் நாட்கள் என்று எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்னதாகவே அறிவித்துக்கொண்டிருந்தது. சுழற்சியின் நீளம் மாறும்போது பெரும்பாலும் மாறுவது முன்பாதிதான். கருமுட்டை வெளியேறியதிலிருந்து மாதவிடாய் வரையிலான பின்பாதி ஏறத்தாழ 14 நாளை ஒட்டியே, அதைவிடக் குறைந்த ஏற்ற இறக்கத்தோடு நிற்கும். ஆகவே நீளம் மாறுகிற உடம்புக்கு 1-ஆம் நாளிலிருந்து முன்னோக்கி எண்ணுவது சரிவராது. வந்துவிட்ட மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். '26-ஆம் நாள்' என்பதைவிட 'மாதவிடாய்க்கு 4 நாள் முன்' என்பதே நம்பகமான முகவரி. செயலியில் அந்த வசதி இல்லை. கேட்டு எழுதினேன், நன்றி தெரிவித்து ஒரு தானியங்கிப் பதில் வந்தது, அவ்வளவுதான்.

காலையில் எழுந்தவுடன் எடுக்கும் உடல் வெப்பநிலையைப் பதிய ஓர் இடம் இருக்கிறது. கருமுட்டை வெளியேறிய பின் அது 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்து, மாதவிடாய் வரை அப்படியே நிற்கும் என்பதால், பின்பாதி எப்போது தொடங்கியது என்பதை ஊகமாக அல்லாமல் ஓரளவு தெரிந்தே சொல்லலாம். பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்லது. நான் மூன்று வாரத்தில் கைவிட்டேன்.

ஆண்டுச் சந்தா கட்டினால் கிடைக்கும் 'சுழற்சி உணவுத் திட்டம்' பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. மாதத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு வகை விதை, ஒரு நிறக் காய்கறி என்று பட்டியல் தருகிறது. அதனால் ஹார்மோன்கள் சமன்படும் என்கிறது. அவ்வாறு சமன்படுவதற்கு உருப்படியான சான்று எதுவும் இல்லை. காய்கறியும் விதையும் எல்லா வாரத்திலும் நல்லவைதான். மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைகளுக்காக முறையாகச் சோதிக்கப்பட்ட சத்து என்றால் கால்சியத்தைச் சொல்லலாம்: 1998-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் எடுத்துக்கொண்டவர்களிடம், மூன்றாவது சுழற்சிக்குள் நீர் கோத்தலும் உணவின் மீதான வேட்கையும் உட்படப் பல அறிகுறிகள் குறைந்திருந்தன. கட்டணத் திட்டத்தில் அந்தச் சொல்லே இல்லை. மாத்திரையாக எடுப்பதானால் மருத்துவரைக் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும், உணவில் எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும்.

எனக்கு மிகவும் கவலையளித்த குறையைக் கடைசியில் சொல்கிறேன். செயலியைச் சோதிப்பதற்காகவே இன்னொரு கணக்கைத் தொடங்கி, எடை வாரம் ஒரு கிலோ இறங்குவதாகவும், மாதவிடாய் வரவே இல்லை என்றும் மூன்று மாதத்துக்குப் பதிவு செய்தேன். எடை இறங்கியதற்கு வாராவாரம் பதக்கம் வந்தது. மாதவிடாயைப் பற்றிக் கிடைத்ததெல்லாம் 'உங்கள் சுழற்சி தாமதமாகிறது' என்ற ஒரே வரி. உடம்புக்குப் போதிய ஆற்றல் கிடைக்காதபோது, மூளையிலிருந்து சூலகத்துக்குப் போக வேண்டிய ஹார்மோன் சமிக்ஞைகள் தளர்ந்து மாதவிடாயே நின்றுவிடக்கூடும். உடற்பயிற்சிக்குப் போக மிஞ்சும் ஆற்றல், கொழுப்பு நீங்கலான உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 30 கலோரிக்குக் கீழே போகும்போது அந்தச் சமிக்ஞைகள் குலைவது 2003-லேயே ஆய்வில் காட்டப்பட்டது. நீண்ட நாள் அப்படி இருந்தால் எலும்பும் தேயும். எடையையும் மாதவிடாயையும் ஒரே கையில் வைத்திருக்கும் ஒரு செயலி, இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்து, 'சாப்பாட்டைக் குறைப்பதை நிறுத்துங்கள், மருத்துவரைப் பாருங்கள்' என்று சொல்லக்கூடிய இடத்தில் இருக்கிறது. வழக்கமாக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரிடம் போவது பொதுவான அறிவுரை. கர்ப்பத்துக்கு வாய்ப்பு உள்ளவர்கள் அதற்கு முன்பே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல் பதக்கம் கொடுத்துக்கொண்டிருப்பது கவனக்குறைவு என்று கடந்துபோகக்கூடியது அல்ல.

இதனால் சிலருக்கு இந்தச் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். உணவோடு ஏற்கெனவே மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள், எண்ணைப் பார்த்ததும் பட்டினி கிடக்கத் தோன்றுபவர்கள், கருவியையே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இயல்பான கருமுட்டை வெளியேற்றமும் அதைத் தொடரும் பின்பாதியும் இல்லாததால், செயலியின் கட்டங்கள் பொருந்தா. மாத்திரை எடுக்கிறேன் என்று குறித்த பிறகும் அது பழைய பாட்டையே பாடுகிறது. மாதவிடாயை ஒழுங்கற்றதாக்கும் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கும், மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குபவர்களுக்கும் சராசரிக் கணக்கு இன்னும் தடம் புரளும். மாதவிடாய்க்கு முன் வரும் பசியோடு கடும் மனச்சோர்வும், யாரையும் கிட்டே சேர்க்க முடியாத எரிச்சலும் வந்து, மாதவிடாய் தொடங்கியதும் விலகிவிடுகிறது என்றால், அது பிஎம்டிடி என்ற சிகிச்சைக்குரிய நிலையாக இருக்கக்கூடும். பசியில் மாற்றமும் உணவு வேட்கையும் அதன் அறிகுறிகளின் பட்டியலிலேயே உள்ளன. அங்கே இந்தச் செயலியால் ஆகக்கூடியது ஒன்றுண்டு: இரண்டு சுழற்சிகளின் அன்றாடப் பதிவை மருத்துவரிடம் காட்டலாம், அவர்களும் அதைத்தான் கேட்பார்கள்.

தனியுரிமை பற்றி ஒரு வார்த்தை. ஒரு பிரபல மாதவிடாய்ச் செயலி, பயனர்களின் தகவலை வெளி நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக எழுந்த குற்றச்சாட்டு 2021-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் முன் சமரசத்தில் முடிந்தது. நான் பயன்படுத்தும் செயலியில் விளம்பரப் பகிர்வு என்ற பொத்தான் நிறுவும்போதே இயக்கத்தில் இருந்தது. தேடிப் போய் அணைத்தேன். தொடர்புகளின் பட்டியலுக்கும் அனுமதி கேட்டது, எதற்கென்று தெரியவில்லை. கொடுக்கவில்லை, அதனால் எதுவும் நின்றுவிடவும் இல்லை.

சந்தா அடுத்த மாதம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை. எடைப் பதிவும், பசிக் கேள்வியும், ஒப்பீட்டுத் திரையும் கட்டணமில்லாப் பிரிவிலேயே இருக்கின்றன. பதிவுகளைக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதியும் இருப்பதால், எட்டுச் சுழற்சிகளையும் ஒரு விரிதாளில் இட்டு, ஒவ்வொரு மாதவிடாயின் முதல் நாளையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, அங்கிருந்து பின்னோக்கி எண்களை அடுக்கிவிட்டேன். அரை மணி நேர வேலை. காய்ச்சல் மாதத்தின் வரிசைகூட மற்ற ஏழோடும் அதில் பொருந்தி நின்றது: மாதவிடாய்க்கு நாலு நாள் முன் ஏற்றம், முதல் நாளில் உச்சம், ஐந்தாம் நாளில் இறக்கம். இன்று காலை எடை 63.9 காட்டியது. மாதவிடாய்க்கு இன்னும் மூன்று நாள் இருக்கும் என்று நினைக்கிறேன். வந்த பிறகுதான் இந்த எண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியும்.